போய்விட்டது என்று எழுதியவள்

பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. அந்தக் குடியிருப்பின் சுகாதார நர்ஸான அவள் எல்லோருக்கும் தராசக்கா. தோளில் துணிப்பை, பைக்குள் ஒரு கொக்கித் தராசு, அதில் மாட்டுவதற்குத் துவைத்து மடித்த தூளித்துணி. இருபத்தாறு வருஷமாக அந்தத் தகரக்கூரை வரிசைகளில் பிறந்த குழந்தை ஒன்றுகூட அவள் கொக்கிக்குத் தப்பியதில்லை. "தராசக்கா வர்றாங்கடா, மூச்சை நல்லா இழுத்துக்கோ, அம்பது கிராம் கூடக் காட்டும்!" என்று தாய்மார்கள் கைக்குழந்தையிடம் சொல்லிச் சிரிப்பார்கள்.

அவளுக்கு வாய் ஜாஸ்தி. பச்சைக் குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டிய மாமியாருக்குத் தெருமுனை வரை கேட்கிற மாதிரி டோஸ் விடுவாள். சத்து மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளித்துவைத்த பிள்ளைத்தாய்ச்சி அதை விழுங்குகிற வரைக்கும் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பாள். அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரே ஒரு சொல் மட்டும் கையில் வராது. 'இறந்தது' என்று அவளால் எழுத முடியாது.

வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஒரு வீட்டில், குழந்தை இறந்த மறுநாள், பதிவேட்டைத் திறந்து அந்தச் சொல்லைச் சிவப்பு மையில் எழுதினாள். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த தாய் எட்டிப் பார்த்துவிட்டாள். "எழுதிட்டியா? எழுதியே முடிச்சிட்டியா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அந்தக் குரல் தராசக்காவின் காதைவிட்டுப் போகவே இல்லை. அதற்குப் பிறகு எந்தக் குழந்தை இறந்தாலும், குடியிருப்பில் எல்லோரும் சொல்வதையே அவளும் எழுதினாள்: போய்விட்டது. பாவம், இரக்கப்பட்டுச் செய்த காரியம்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் மேலிடத்திலிருந்து ஒரு பாராட்டுப் பத்திரம் வந்தது. 'குழந்தை இறப்பே இல்லாத பகுதி' என்று தங்க எழுத்தில் அடித்திருந்தார்கள். எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று அவளுக்கு அப்போதே சுருக்கென்றது. கேட்டிருக்கலாம். கேட்கவில்லையே! அந்த மாதம்தான் அவள் வீட்டிலேயே ஒரு குழந்தை போயிருந்தது; அந்தப் பேச்சை எடுக்கிற தெம்பு அவளுக்கு இல்லை. பத்திரத்தைச் சுவரில் மாட்டாமல் பீரோவுக்குப் பின்னால் செருகிவிட்டாள்.

இந்த வருஷம் அரசாங்கம் மானியம் அறிவித்தது. வசதியில்லாத பகுதிகளில் தாயும் சேயும் பிழைக்கட்டும் என்று துணைச் சுகாதார நிலையத்தில் இரண்டு கட்டில் போட்ட பிரசவ அறை, குறைமாதக் குழந்தையைச் சூடாக வைக்கிற பெட்டி, வாசலிலேயே நிற்கிற ஒரு வண்டி. தராசக்கா தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனாள். பட்டியல் வந்தது. அவள் குடியிருப்பு அதில் இல்லை.

மறுநாள் காலை அலுவலகம் திறக்கும்போதே வாசலில் நின்றாள். பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற கண்ணாடிக்காரர் அவளை உட்காரச் சொன்னார்.

"அஞ்சு வருஷத்துல பத்துக் குழந்தையாவது இறந்த இடத்துக்குத்தான் சிஸ்டர் மானியம். உங்க இடத்துல ஒண்ணுகூட இல்லையே. நல்ல விஷயம்தானே?"

"ஒண்ணுகூட இல்லையா? பதினொண்ணு சார்! என் கையாலதானே எழுதிக் கொடுத்தேன்?"

அவர் பழைய பதிவேடுகளை எடுத்துப் புரட்டினார். "நீங்க 'போய்விட்டது'ன்னு எழுதியிருக்கீங்க. கம்ப்யூட்டர்ல மூணு கட்டம்தான் இருக்கு. உயிருடன், இறப்பு, இடம்பெயர்வு. போய்விட்டதுன்னா இடம்பெயர்வுதானே?"

"பெத்தவளை இங்க விட்டுட்டு நாப்பது நாள் குழந்தை தனியா எங்க சார் குடிபோகும்?"

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கெட்ட மனுஷன் இல்லை. ஒன்பது பகுதிப் பதிவேடுகள், அவர் ஒருத்தர். "யோசிக்காமப் போட்டுட்டேன் சிஸ்டர்," என்றார் மெதுவாக. "வெள்ளிக்கிழமைக்குள்ள திருத்தம் கொடுக்கலாம். ஒவ்வொரு குழந்தைக்கும் தாய் கையெழுத்துப் போட்ட தாள் வேணும். 'இறந்தது'ன்னு அதுல தெளிவா இருக்கணும்."

வெளியே வந்து படிக்கட்டில் நின்று தன்னையே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டாள். பிறகு தாள்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள்.

முதல் வீடு துணி தேய்ப்பவளுடையது. விஷயத்தைக் கேட்டதும் அவள் கை அப்படியே நின்றது. "நீங்கதானே அக்கா, போயிடுச்சு, விடும்மான்னு சொன்னீங்க? நானும் விட்டேன். இப்ப வந்து திரும்பப் பிடிச்சுக்கச் சொல்றீங்களே," என்றாள். இருவரும் அழுது முடிப்பதற்குள் யாருடைய சட்டையோ இஸ்திரிப் பெட்டியடியில் கரிந்துவிட்டது. மூட்டை தூக்குகிறவர் வீட்டில் கதவைப் படாரென்று சாத்தினார்கள். ஆனால் அவர் மனைவி குழாயடிக்குத் தேடி வந்து, குடத்தின் மேல் தாளை வைத்து, ஈர விரலைத் துடைத்து மை தொட்டுக் கைநாட்டு வைத்தாள். ஒரு குடும்பம் நிஜமாகவே ஊரைவிட்டுப் போயிருந்தது. அந்த ஒரு வீட்டுக்காவது கண்ணாடிக்காரர் போட்ட கட்டம் பொருந்தியது.

வியாழக்கிழமை சாயங்காலம் கையில் ஒன்பது தாள் இருந்தது. பத்து வேண்டும். மிச்சமிருந்தது ஒரே ஒரு தாய், தராசக்காவின் சொந்த மகள்.

மகள் துணி தைக்கிற கம்பெனியில் வேலை செய்தாள். அவள் கணவன் வேலை தேடிப் போகிறேன் என்று போனவன், போனவன்தான். அவன் போன நாலாம் மாசம், ஒரு மழைநாள் மத்தியானம், எட்டு மாசத்திலேயே வலி எடுத்துவிட்டது. வீட்டிலேயே பெண் குழந்தை பிறந்தது. ரத்தம் நிற்கவில்லை. வண்டி வந்து சேரவே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மகள் நினைவில்லாமல் பெரிய ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்தாள். கண் விழித்ததும், "பாப்பா எங்கம்மா?" என்று கேட்டாள். "போயிட்டா, கண்ணு. விடு," என்றாள் தராசக்கா. வீட்டுக்கு வந்தபோது அக்கம்பக்கத்தாரும் "போயிடுச்சாமே" என்று உச்சுக்கொட்டினார்கள். அதற்குப் பிறகு தாயும் மகளும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. சொல்லப்போனால், எதைப் பற்றியுமே அதிகம் பேசியதில்லை.

தாளை நீட்டி, எதற்கென்று சொன்னாள் தராசக்கா. மகள் வேலையிலிருந்து வந்து முகம்கூடக் கழுவியிருக்கவில்லை. நின்றபடியே ஒருமுறை வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள்.

"இறந்துட்டாளா?" என்று கேட்டாள்.

"என்னம்மா கேக்கற? ரெண்டு வருஷம் ஆச்சு..."

"நீ போயிட்டான்னுதானே சொன்ன? எங்கேன்னு கேட்டா விடுன்னே." அவள் தாளை இறக்கினாள். "நீதான் யாருக்கோ கொடுத்துட்டேன்னு நினைச்சேன். அவரும் இல்லை, இவ தனியா எப்படி வளர்ப்பான்னு, பிள்ளை இல்லாத வீடாப் பார்த்துக் கொடுத்துட்டேன்னு. உன்மேல அவ்வளவு கோபம்மா எனக்கு. ஆனா எங்கேயோ இருக்கா, நல்லா இருக்கான்னு நினைச்சுக்குவேன். பஸ்ஸுல அந்த வயசுப் பொண்ணைப் பார்த்தா முகத்தை உத்துப் பார்ப்பேன்."

ஐயோ! கண்ணாடிக்காரர் போட்ட அதே கட்டத்தில்தான் மகளும் குழந்தையைப் போட்டு வைத்திருந்தாள். ஒரே கூரைக்கடியில் இரண்டு வருஷம்! தராசக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

பிறகு அந்த மானியம் வந்தது. பிரசவ அறை எழும்பியது. சூட்டுப் பெட்டியில் முதலில் கிடத்திய குறைமாதக் குழந்தை பிழைத்து, இன்று அந்த வரிசைகளில் ஓடி விளையாடுகிறது. அதெல்லாம் பிறகு. அன்றைக்கு அந்த அறையில் இருந்தது இரண்டு பெண்களும் ஒரு தாளும்தான்.

"சொல்லும்மா," என்றாள் மகள்.

"இறந்துட்டாம்மா. வண்டி பாலத்தைத் தாண்டறதுக்குள்ள. சூடு போகக்கூடாதுன்னு நெஞ்சோட ஒட்டித்தான் வச்சிருந்தேன். மூச்சு நின்னது என் நெஞ்சுல தெரிஞ்சுது. உனக்கு ரத்தம் போய்க்கிட்டே இருந்துது. நீயாவது தங்கணும்னு வாயைத் திறக்காம உட்கார்ந்திருந்தேன். அப்புறம் திறக்கவே முடியலை."

மகள் தாளைத் தரையில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பெயரை முழுசாக எழுதி முடித்தாள். பிறகு எழுந்து போய், தன் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து மூன்று சிறிய கவுன்களை எடுத்துவந்தாள். கம்பெனியில் வெட்டி மிஞ்சிய துணியில் தைத்தவை. ஆறு மாதத்துக்கு ஒன்று, ஒரு வயதுக்கு ஒன்று, இரண்டு வயதுக்கு ஒன்று. கடைசிக் கவுனுக்கு இன்னும் பொத்தான் வைக்கவில்லை.

"எடைன்னு ஒரு கட்டம் காலியா இருக்கும்மா," என்றாள் தாளைக் காட்டி. "நீ எடை போடலையா?"

"போட்டேன் கண்ணு. மறுநாள் காலையில, புதைக்கறதுக்கு முன்னாடி. ஒரு கிலோ நானூறு."

மகள் மூன்றில் சின்னதை எடுத்து மடியில் விரித்தாள். அதன் நீளத்தைக் கையால் மெல்ல அளந்து பார்த்தாள்.

"அப்ப நான் தைச்சது எல்லாமே அவளுக்குப் பெரிசும்மா," என்றாள்.