கோளாறு யாருக்குத் தெரிந்திருந்தது

கிளெனிஸ் ட்ரெம்பாத் பதினேழு வருடமாக எங்கள் நூலகத்தின் பின்னறையில், வெளிநாடுகளிலிருந்து வந்த பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவந்தார். செவ்வாய், வியாழன் மாலை ஐந்தரை மணி வகுப்பு. ஆரஞ்சுப் பழங்களைப் பெட்டியில் அடுக்கும் கொட்டகைகளில் வேலை முடித்தவர்கள் கை கழுவிக்கொண்டு நேரே வருவார்கள். நான் முன்மேசைக்காரன். நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான் என்பதால் வகுப்பு முழுவதும் என் காதில் விழும்.

அரசாங்கம் அனுப்பும் பாடப்புத்தகத்தில் பதினோராம் பாடம் என்றாலே கிளெனிஸுக்குத் தலை வலிக்க ஆரம்பித்துவிடும். 'இங்' என்று முடியும் ஒரு சொல், அதை ஒட்டி 'வாட்', 'வேர்', 'ஹூ' என்று தொடங்கும் ஒரு வால். என்ன நடக்கும் என்பதை அறிந்து, எங்கே போவது என்று யோசித்து, யார் வந்தார்கள் என்று கேட்டு. இப்படிப்பட்ட வால்களை வாக்கியத்தில் எங்கே ஒட்டுவது என்பதுதான் பாடம். ஒவ்வொரு பருவத்திலும் வகுப்பு அங்கே வந்து படுத்துவிடும்.

அந்த வருடம் அதிகம் மல்லுக்கு நின்றவர் செமிசி. டோங்காத் தீவுக்காரர், ஐம்பத்தாறு வயது, கிளெனிஸைவிட மூன்று வயது மூத்தவர். கொட்டகையில் பெட்டிகளைத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை அவர் சர்ச்சில் பாடினால் தெருமுனை வரை கேட்கும்.

"மிஸ், 'அவருக்குத் தெரியும். அவர் போனார்.' இது தப்பா?"

"தப்பில்ல, செமிசி."

"அப்போ எதுக்கு ரெண்டையும் கட்டிப் போடணும்?"

"பரீட்சைல கேப்பாங்க."

"பரீட்சை வைக்கிறவங்க வீட்டுல இப்படித்தான் பேசிக்கிறாங்களா?"

"எனக்குத் தெரியாது. நான் அவங்க வீட்டுக்குப் போனதில்ல. ஏழாவது வாக்கியத்தை எழுதுங்க."

ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை செமிசி ஓட்டிய வண்டி நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவில்லை. அடுக்கியிருந்த மரப்பெட்டிகளில் போய் மோதியது. இடது கையில் இரண்டு விரல்கள் நசுங்கின. ஒன்றை எடுத்தேவிட்டார்கள்.

இழப்பீட்டுக்கான படிவத்தில் 'நடந்ததை உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதவும்' என்று ஒரு கட்டம். கையில் கட்டோடு வகுப்புக்கு வந்து, கோடு போட்ட தாளில் செமிசி எழுதினார். பிரேக்கில் என்ன கோளாறு என்று சூப்பர்வைசர் கோட்ரெலுக்குத் தெரியும். அவர் என்னைக் கொட்டகைக்குள் அனுப்பினார். ஓட்டு என்றார். ஓட்டினேன். அவ்வளவுதான்.

எழுத்துப்பிழைகள் இருந்தன. மற்றபடி பச்சைக் குழந்தைக்கும் புரியும். ஆனால் அது பதினோராம் பாடம் நடந்த வாரம். கிளெனிஸ் சிவப்புப் பேனாவை எடுத்தார். முதலில் இப்படித் திருத்தினார்: 'கோட்ரெல் என்னைக் கொட்டகைக்குள் அனுப்பினார், பிரேக்கில் என்ன கோளாறு என்பதை அறிந்தே.' அது சரியான வாக்கியம். வகுப்புக்கே படித்துக் காட்டினார். பிறகு படிவத்தின் அடியிலிருந்த குறிப்பைப் பார்த்தார். ஒவ்வொரு பதிலையும் உங்களுக்கு நேர்ந்ததில் தொடங்கவும் என்றிருந்தது. வாக்கியத்தின் தலையை மட்டும் திருப்பினார். வாலைத் தொடவில்லை.

'நான் கோட்ரெலால் கொட்டகைக்குள் அனுப்பப்பட்டேன், பிரேக்கில் என்ன கோளாறு என்பதை அறிந்தே.'

செமிசி அதை அழகான கையெழுத்தில் படிவத்தில் பார்த்து எழுதி, கீழே கையொப்பம் போட்டு அனுப்பினார்.

ஆறு வாரம் கழித்துக் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது. செமிசி அதை என் மேசையில் வைத்து, "இது என்ன சொல்லுது, பாருங்க" என்றார். நான் படித்துவிட்டு கிளெனிஸைக் கூப்பிட்டேன். பிரேக் கோளாறு தனக்கு முன்பே தெரியும் என்று விண்ணப்பதாரரே எழுத்தில் ஒப்புக்கொண்டிருப்பதால் இழப்பீடு கிடையாதாம். கிளெனிஸ் நின்றபடி படித்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து திரும்பவும் படித்தார்.

"இத எழுதினது நான்" என்றார்.

"பரவாயில்ல, மிஸ்."

"பரவாயில்லன்னு சொல்லாதீங்க. ஒரு விரல் போயிருக்கு உங்களுக்கு. என்னைத் திட்டுங்க."

"கோவம் வந்தா எனக்கு இங்கிலீஷ் வராது, மிஸ்."

"அப்போ டோங்கன்ல திட்டுங்க."

செமிசி கொஞ்சம் யோசித்து டோங்கனில் ஏதோ சொன்னார். நீளமாகவே சொன்னார். கிளெனிஸ் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். முடித்ததும் செமிசி என் மேசையிலிருந்த பிஸ்கட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளிலிருந்து கிளெனிஸ் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தொலைபேசத் தொடங்கினார். எங்கள் மேசைத் தொலைபேசியில்தான். காத்திருக்கச் சொல்லிவிட்டு ஒரே பியானோ இசை நாற்பது நிமிடம் ஓடும். யாராவது எடுத்தால், கிளெனிஸ் ஆரம்பத்திலிருந்து விளக்குவார்.

"அந்த வால் அவரோடது இல்லைங்க. சூப்பர்வைசரோடது. நான் தப்பா ஒட்டிட்டேன்."

"எந்த வால், மேடம்?"

"வாக்கியத்தோட வால்."

"கையெழுத்து அவரோடதுதானே, மேடம்?"

"ஆமா."

"வேற ஏதாவது உதவி வேணுமா, மேடம்?"

ரிசீவரை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் வெளியே ஓடும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு திரும்ப வந்து எண்ணை அழுத்துவார். மூன்று கடிதமும் எழுதினார். ஒவ்வொன்றிலும் வாக்கியம் குட்டையாகிக்கொண்டே போனதை நான் கவனித்தேன். கடைசிக் கடிதத்துக்குப் பிறகு விசாரணைக்குத் தேதி கொடுத்தார்கள்.

விசாரணை நவம்பரில், ஊர் மன்றத்தின் கூட்ட அறையில். விசாரணை அதிகாரி ஒரு வயதான பெண்மணி. கொட்டகையின் சார்பில் கோட்ரெல் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காப்பீட்டுக்காரர்களின் வக்கீல் அடிலெய்டிலிருந்து வந்திருந்தார். சிவப்பு மை படிந்த அந்தப் பழைய தாளை எடுத்துப்போக நானும் கிளெனிஸோடு போயிருந்தேன்.

வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார். "இந்த மாதிரி வால் வாக்கியத்தோட எழுவாயைத்தான் சேரும். இதுதானே நீங்க சொல்லிக்கொடுக்கிறது?"

"ஆமா."

"எத்தன வருஷமா?"

"பதினேழு."

"பதினேழு வருஷம் சொல்லிக்கொடுத்த ஒருத்தர் இதுல தப்பு பண்ணினார்னு நாங்க நம்பணுமா?"

"நம்பணும். ஏன்னா பண்ணினேன். எல்லாரும்தான் பண்றாங்க. நீங்களும் பண்ணியிருக்கீங்க."

வக்கீல் சிரித்தார். "நானா?"

கிளெனிஸ் கைப்பையிலிருந்து அவர்கள் அனுப்பிய மறுப்புக் கடிதத்தை எடுத்தார். "கீழ உங்க கையெழுத்து இருக்கு. வாசிக்கிறேன். 'விண்ணப்பத்தில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதை ஆராய்ந்து, உங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.' யாருங்க ஆராய்ஞ்சது? உங்க விதிப்படி பார்த்தா கோரிக்கைதான் ஆராய்ஞ்சிருக்கு. அதுவே உக்காந்து படிச்சுப் பார்த்து அதையே தள்ளிவிட்டிருக்கு."

வக்கீல் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். "என்ன சொல்ல வர்றோம்னு எல்லாருக்கும் புரியுமே" என்றார்.

"அதத்தான் நானும் ரெண்டு மாசமா ஃபோன்ல சொல்லிட்டு இருக்கேன்."

விசாரணை அதிகாரி இரண்டு தாள்களையும் வாங்கி ஓரமாக வைத்தார். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று செமிசியைக் கேட்டார். செமிசி வேண்டாம் என்றார்.

"பிரேக் சரியில்லைன்னு அன்னைக்கு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"கோட்ரெலுக்குத் தெரியும்னு எப்படிச் சொல்றீங்க?"

"திங்கக்கிழமை மெக்கானிக் அட்டை மாட்டினார். ஓட்டாதேன்னு அட்டை. திங்கக்கிழமை நான் இல்ல, சவ அடக்கத்துக்குப் போனேன். செவ்வாக்கிழமை வந்தேன். அட்டை இல்ல. ஓட்டுன்னார். ஓட்டினேன். ஆஸ்பத்திரிக்கு மெக்கானிக் வந்தார். அட்டை மாட்டினேனே, பாக்கலையான்னு கேட்டார்."

அதிகாரி கோட்ரெல் பக்கம் திரும்பினார். "அட்டையை யார் எடுத்தது?"

கோட்ரெல் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கோட்ரெல், "நான்தான் எடுத்தேன். ரெண்டு லாரி காத்துக்கிட்டு இருந்துச்சு" என்றார். செமிசி பக்கம் அவர் பார்க்கவேயில்லை.

மூன்று வாரத்தில் இழப்பீடு அனுமதிக்கப்பட்டது. கோட்ரெலை வேறு ஊர்க் கொட்டகைக்கு மாற்றினார்கள். செமிசிக்கு அதே கொட்டகையில் பழம் தரம் பிரிக்கும் வேலை கிடைத்தது. அந்தக் கையோடு வண்டி ஓட்ட அவருக்கும் மனமில்லை.

கிளெனிஸுக்கு ஜெயித்த சந்தோஷம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அடுத்த வகுப்பில் நடந்ததையெல்லாம் கரும்பலகையில் எழுதிக் காட்டினார், தன் தவறு உட்பட. எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். கொரியாக்காரப் பெண் ஒருத்தி மட்டும் கையைத் தூக்கி, "அப்போ பரீட்சைல எப்படி எழுதறது, மிஸ்?" என்று கேட்டாள். கிளெனிஸ் சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை செமிசி ஒரு பெரிய தட்டு நிறைய லூ கொண்டுவந்தார், தேங்காய்ப்பாலில் இறைச்சியோடு வெந்த சேம்பு இலைப் பொட்டலங்கள். கிளெனிஸ் வாங்க மறுத்தார்.

"நான் கெடுத்தேன். நானே சரிபண்ணினேன். இதுக்கு விருந்து வேறயா?"

"எனக்கும் அப்படித்தான் தோணுது, மிஸ். ஆனா சமைச்சது என் மனைவி மெலெயானே. திருப்பிக் கொண்டுபோனா வீட்டுல நான் மாட்டிக்குவேன். அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

மெலெயானே காரில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி வழியே கிளெனிஸை ஒருமுறை பார்த்தார். கிளெனிஸ் தட்டை வாங்கிக்கொண்டார். நாங்கள் இரண்டு நாள் சாப்பிட்டோம்.

பரீட்சையில் பதினோராம் பாடத்துக் கேள்விகளை செமிசி தொடவேயில்லை. இரண்டு மதிப்பெண்ணில் தவறினார். திரும்ப எழுதச் சொல்லி கிளெனிஸ் எவ்வளவோ கெஞ்சினார். "போதும், மிஸ். நான் பேசினா இப்போ எல்லாருக்கும் புரியுது" என்று சொல்லிவிட்டார்.

அடுத்த பருவத்தில் அவருக்குப் பதிலாக மெலெயானே வந்து சேர்ந்தார். முதல் நாளே புத்தகத்தைப் பின்பக்கத்திலிருந்து புரட்டி ஒவ்வொரு பாடத்துக்கும் காரணம் கேட்டார். இது எதற்கு, அதை யார் சொல்கிறார்கள், மாற்றிச் சொன்னால் என்ன ஆகும் என்று ஒன்றரை மணி நேரம் விடவில்லை. வகுப்பு முடிந்ததும் கிளெனிஸ் என் மேசைக்கு வந்து, தலைவலி மாத்திரை இருக்கிறதா என்று கேட்டார். ஒன்று கொடுத்தேன். இன்னொன்றும் கொடு, வியாழக்கிழமைக்கு என்றார்.