நிலா விழுந்த பட்டணமும் காசியம்மாளும்

நிவாரணப் பதிவேட்டில் அவளுக்கு ஒரு வரி ஒதுக்கியிருந்தார்கள்: "காசியம்மாள், விதவை, வயது நாற்பத்தைந்து, தொழில் இல்லை, பிறரைச் சார்ந்திருப்பவர்." திருக்கழுக்குன்றம் சந்தைவரை கூடை சுமந்து, இருபது வருஷமாக மீன் விற்றவள் அவள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருந்த குப்பத்தை ஐப்பசிப் புயல் துடைத்துக்கொண்டு போன பிறகு, பள்ளிக்கூடத்தில் அடைந்து கிடந்த சனத்தைக் கஞ்சி அண்டா வரும்வரை அடித்துக்கொள்ளாமல் உட்காரவைத்ததும் இந்தத் தொழிலில்லாதவள்தான்.

கதை சொன்னாள். ஆசையாக அல்ல, சுவரில் சாய்ந்து, பாதிக் கண்ணை மூடிக்கொண்டு, அலுப்போடு. சங்குப்பட்டணம் என்று ஓர் ஊர். அங்கே விளக்கு எண்ணெயில்லாமல் எரியும். மீன் தானே கூடையில் துள்ளி விழும். ஒருநாள் நிலா கடலில் விழுந்தது, எழும்பிய அலை ஊரைக் கொண்டுபோனது. மிஞ்சியவர்கள் முதலில் விளக்கை மறந்தார்கள், அப்புறம் எழுத்தை, அப்புறம் எடை நிறுக்கும் படிக்கல்லை. கடைசியில் பேரும் மறந்துபோய் ஒருவரையொருவர் 'ஏய்' என்று கூப்பிட்டார்கள். ராஜா பிழைத்துக்கொண்டார், வேறு வேலை தெரியாததால் கருவாட்டுக்குக் காக்காய் ஓட்ட வைத்தார்கள். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரித்த கையோடு அண்டாவுக்கு முண்டியடித்து, கூடவே கடலுக்குப் போனவனை 'ஏய், தள்ளு' என்றார்கள்.

சர்க்கார் புதுக் கட்டுமரமும் வலையும் கொடுத்தது. வலைக்குத் தலைவனான தணிகைவேல், இனிமேல் கடலுக்குப் போனவனுக்குத்தான் பங்கு என்று சொல்லிவிட்டான். ஏலத்துக்கு முன்னால் புருஷனை இழந்தவர்களின் கூடையில் ஆளுக்கு ஒரு கை மீன் போடுவது குப்பத்து வழக்கம். எல்லாம் போன பிறகு அது மட்டும் எதற்கு என்பது அவன் கட்சி. அந்த ஒரு கை மீன்தான் காசியம்மாள் சந்தைக்குச் சுமப்பது. பக்கத்தில் படுத்திருந்த வச்சலாவின் புருஷன் இந்தப் புயலில்தான் போனான், அதுவும் தணிகைவேலின் கட்டுமரத்தில்.

மறுநாள் கதையில் சங்குப்பட்டணத்தில் யாருக்கோ ஒரு முடிச்சு ஞாபகம் வந்தது. வலை பின்னினார்கள்; முதல் மீன் கரைக்கு வந்தது. அங்கே நிறுத்திக்கொண்டாள்.

"இன்னாக்கா, என்னைக் குத்திக் காட்றியா?" என்றான் தணிகைவேல்.

"உன்னை இன்னாத்துக்கு நைனா குத்தணும்? மேல இன்னா ஆச்சின்னு எனக்கே தெரில. ஆம்பள இல்லாதவளுக்கும் ஒரு கை போட்டாங்களா, இல்ல இன்னும் ஏய் ஏய்னு கூப்டுகினுதான் கீறாங்களா, நீயே சொல்லு. முடிச்சிட்டுப் படுத்துக்கறேன்."

அண்டா வந்தது. அவன் தட்டை எடுத்துக்கொண்டு போனான்.

புது வலை முதல் தடவை கரையேறியது. ஏலம் தொடங்குமுன் காசியம்மாள் யாரையும் கேட்காமல் வலைக்குள் கைவிட்டு, வச்சலாவின் கூடையில் ஒரு கை, புருஷனை இழந்த மற்ற இருவர் கூடைகளில் ஒவ்வொரு கை, கடைசியாகத் தன் கூடையில் ஒரு கை மீன் போட்டாள்.