பக்கத்து பிளாக்கில் குடித்த காபி

நான் குடியிருக்கும் ஜெர்மன் நகரத்தில் வீட்டுக் கதவுகளுக்கு எண் கிடையாது. கட்டடத்துக்கு ஓர் எண் உண்டு. உள்ளே அழைப்புமணிக்குப் பக்கத்தில் குடியிருப்பவரின் பெயர் மட்டும்தான். பெயரை ஒட்டாமல் விட்ட முதல் மாதம் எனக்கு ஒரு கடிதமும் வந்து சேரவில்லை. நெய்வேலி சுரங்கக் குடியிருப்பில் வளர்ந்தவனுக்கு இது விளங்க நாளாயிற்று. அங்கே ஒவ்வொரு பிளாக்கிலும் வீட்டு எண் ஒன்றிலிருந்து தொடங்கும்; ஆளை விசாரித்தால் பெயருக்கு முன்னால் பிளாக்கைச் சொல்வோம்.

அப்பா சுரங்கத்தில் ஷிப்டு பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா போனபின் பதினெட்டாவது பிளாக்கில் அக்காவின் குவார்ட்டர்ஸில் இருந்தார். ஒருநாள் பால் வாங்கப் போனவர், பத்தொன்பதாவது பிளாக்கில் அதே எண்ணுள்ள வீட்டுக்குள் நுழைந்து, உட்கார்ந்து, காபி கேட்டிருக்கிறார். அந்த வீட்டம்மாவும் போட்டுக் கொடுத்து, குடித்ததும் வீட்டை விசாரித்து அக்காவிடம் கொண்டுவந்து விட்டிருக்கிறார். "அந்தம்மா காபிதான் நல்லா இருக்குதாம்டா, என்னுது கழனித்தண்ணியாம்" என்று அக்கா ஸ்கைப்பில் சிரித்தாள். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். எங்கள் ஊரில் இது புதிதில்லை. எல்லாம் ஒரே மாதிரி வாசல், ஒரே மாதிரி ஜன்னல். தூக்கக் கலக்கத்தில் ஒருமுறையாவது அடுத்தவர் கதவைத் தட்டாத ஷிப்டு ஆள் யார்? வேறு ஊரென்றால் அப்பாவுக்கு ஏதோ கோளாறு என்று யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள்.

மூன்று மாதம் கழித்து அப்பாவின் இடது கையிலிருந்து டம்ளர் நழுவியது. பேச்சு குழறியது. புதுச்சேரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ரத்தக்கசிவு. வயதானால் சிலருக்கு மூளையின் சிறு ரத்தக்குழாய்ச் சுவர்களில் ஒருவகைப் புரதம் படிந்து அவை நொய்ந்துபோகுமாம்; கசியும், நிற்கும், மறுபடி கசியும். படத்தில் பழைய கசிவின் தடமும் இருந்தது. "இதுக்கு முன்னாடி ஏதாவது தடுமாற்றம் இருந்துச்சாம்மா?" என்று டாக்டர் கேட்டபோதுதான் அக்காவுக்கு அந்தக் காபி நினைவுக்கு வந்திருக்கிறது. "நாம சிரிச்சிக்கினு இருந்துட்டோம்டா" என்று ஃபோனில் அழுதாள். மறுபடி எப்போது கசியும் என்று யாராலும் சொல்ல முடியாதாம்.

யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. கீழ்வீட்டு மூதாட்டி மாடிப்படியில் எதிர்ப்பட்டார். ரத்தக்குழாய்க்கு ஜெர்மன் சொல் எனக்குத் தெரியாது. அப்பா, வேறு வீடு, காபி என்று தெரிந்ததைக் கோத்துச் சொன்னேன். "ஷோன்!" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். அருமை என்று அர்த்தம். திருத்தத் தெரியாமல் தலையாட்டிவிட்டு மேலே வந்தேன். அன்றைக்குப்போல் நான் என்றைக்கும் தனியாக இருந்ததில்லை.

இப்போது தினமும் வாட்ஸ்அப் வீடியோவில் பேசுகிறேன். அப்பாவுக்கு என்னைத் தெரிகிறது. நான் இருக்கும் இடம்தான் மனதில் தங்குவதில்லை. "எந்த பிளாக்குடா?" என்பார். ஜெர்மனி என்றால் மிரண்டுபோவார். "அங்கேர்ந்து பஸ்ஸு இருக்குதா?" என்பார். போன வாரம் தாங்க மாட்டாமல், "பத்தொன்பதுப்பா" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் தெளிந்தது.

"பக்கத்துலதான இருக்குற? அப்புறம் ஏன்டா வரவே மாட்டேங்குற?"

"வர்றேன்ப்பா" என்றேன்.

நேற்று அக்கா சொன்னாள்: "சாயந்தரமானா வாசல் கேட்டப் புடிச்சிக்கினு நிக்கிறாருடா. உள்ள கூப்ட்டா வரமாட்டேங்குறாரு. பத்தொன்பது பக்கமே பாத்துக்கினு இருக்காரு."