பிலோமினாவின் தாள்கள்

இந்த வயதில் புத்தகம் கட்டப் பழகும் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். இன்று அங்கே கோதுமை மாப் பசை காய்ச்சிய மணம் மூக்கில் ஏறியதும் நான் பிறந்த கடற்கரை ஊரான தாழ்வுபாட்டுக்கே போய்விட்டேன்.

சண்டைக் காலம். கடைகளில் கொப்பி இல்லை. எனக்கும் பக்கத்து வீட்டுப் பிலோமினாவுக்கும் பத்து வயது. பழைய கொப்பிகளில் மிஞ்சிய வெற்றுத் தாள்களைக் கழற்றி, அவளுடையது ஒன்று, என்னுடையது ஒன்று என்று மாறி மாறி அடுக்கினோம். ஒரே கொப்பியில் இருவரும் எழுதுவதாகப் பேச்சு. தன் அப்பாவின் வலை நூலால் அவள்தான் தைத்தாள்.

“நைலோன் நூல் தாளை வெட்டுமெடி,” என்றேன்.

“போடி பயந்தாங்கொள்ளி. அப்பான்ர முடிச்சைக் கடலே அவிழ்க்கேலாது.”

அட்டையில் பூசிய பசை காயும் முன்பே அவர்கள் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் படகேறிவிட்டார்கள். எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. வேலிக்கு அங்கால் அவர்களுடைய நாய் மட்டும் நின்றது.

“எப்ப வருவாளம்மா?”

“கடல் கொண்டுபோனதைக் கடல்தான் கொண்டு வரவேணும், பிள்ளை,” என்றா அம்மா.

அவள் வரவில்லை. நான் என் தாள்களில் மட்டும் எழுதி முடித்தேன்.

முடிச்சு இன்றுவரை அவிழவில்லை. அவள் சொன்னது சரி. தாள்தான் அறுந்தது, நான் சொன்னதும் சரி. இன்று வகுப்பில் அந்தக் கொப்பியைப் பருத்தி நூலால் திரும்பத் தைக்க எடுத்தேன். பக்கத்தில் இருந்த பெண் புரட்டிப் பார்த்தாள்.

“அக்கா, பாதித் தாள் வெறுமையாக் கிடக்கு. கழட்டிவிட்டால் தைக்க லேசு.”

“அது இன்னொரு ஆளின்ர, தங்கச்சி,” என்றேன்.