மருதமுத்துவின் குளிர்க்காடி

துக்காங் எமாஸ் சாலையில் நின்றிருந்த கறுப்புக் காரின் கூரைமேல் புறங்கையை வைத்த மருதமுத்து, சுரீரென்று கையை இழுத்து உதறிக்கொண்டார். கார் அவருடையதல்ல. ஜவுளிக்கடை ஷரீஃபுதீனுடையது. கடைக்குள்ளிருந்து அவர் குரல் கொடுத்தார்.

"என்னப்பா, என் காடிக்கு இன்னிக்குக் காய்ச்சல் எப்படி?"

"தோசைக்கல்லு மாதிரி கொதிக்குது முதலாளி. மேலே வெள்ளையடிங்க. கறுப்பு வெயிலைக் குடிக்குது."

மலாக்காவில் அவர் கைபடாத கார்க்கூரை குறைவு. மனிதர் ஒல்லி, நெட்டை. உச்சிவெயிலிலும் கழுத்துப் பொத்தான் வரை போட்டுத்தான் இருப்பார். அவர் குடியிருந்த காஜா பேராங்கில் மதியச் சாப்பாடு முடிந்ததும் ஊரே நிழல் தேடும். அவரோ தம் வாடகைக் காரை வெயிலில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, இயந்திரத்தை ஓடவிட்டு உள்ளே உட்கார்ந்துகொள்வார். முதல் பொட்டு வியர்வை எங்கே, எப்போது அரும்புகிறது என்று பார்ப்பதற்காக. புதிதாகக் குடிவந்தவர்கள், பெண்டாட்டியோடு சண்டை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

"வீட்டுக்குள்ள காத்தாடி சுத்துது. இந்த மனுசன் இரும்புப் பொட்டிக்குள்ள போயி வேகுறாரு," என்பார் மனைவி அஞ்சலை.

அந்த இரும்புப் பெட்டி படகு போல நீண்ட பழைய அமெரிக்கக் கார். நாடு விடுதலையான மெர்டேக்காவுக்குப் பிறகு சீமைக்குக் கப்பலேறிய தோட்டத் துரையிடம் ஓட்டுநராக இருந்த மருதமுத்து, அவரிடமிருந்தே அதை வாங்கினார். பின்பெட்டிக்குள் ஒரு குளிர்சாதனம். அதிலிருந்து இரண்டு குழாய்கள் வழியே பின்னிருக்கைக்கு மேலாகக் காற்று வரும். மலாக்காவில் அப்போது அது ஓர் அதிசயம். "ஏறுங்க, ஏறுங்க! கேமரன் மலைக் காத்து!" என்றுதான் ஆட்களைக் கூப்பிடுவார். உண்மையில் வெயில் ஏறிவிட்டால் வெதுவெதுப்பாக ஒரு மூச்சுதான் வரும். வண்டி நின்றால் அதுவும் வராது. அவருக்கு அது தெரியும். ஆனாலும் கேமரன் மலையை விட மனமில்லை.

அந்த வாய்ச்சவடால்தான் அவரை ஒருநாள் மாட்டிவைத்தது.

மூன்று வீடு தள்ளி ருக்மணி என்கிற விதவையும் அவருடைய மகள் கோகிலாவும் இருந்தார்கள். கோகிலாவுக்குப் பிறவியிலேயே வியர்க்காது. வெயில் பட்டால் உடம்பு தணலாகிவிடும். பிடரியில் ஈரத்துண்டும் கையில் குடையுமாகவே பள்ளிக்கூடம் போய், வகுப்பில் முதலாவதாகத் தேறியவள். சிரம்பானில் உறவினர் கல்யாணம் வந்தபோது, "நம்ம காடி இருக்கு, பயப்படாம ஏறுங்க," என்று தாயையும் மகளையும் ஏற்றிக்கொண்டார் மருதமுத்து.

வழியில் தம்பினில் ரயில் கேட் சாத்தியிருந்தது. சரக்கு ரயில் முன்னே போவதும் பின்னே வருவதுமாக இருந்தது. வண்டி நின்ற சற்று நேரத்தில் குழாயில் அனல் அடித்தது. பின்னால் பேச்சு நின்றதைக் கவனித்துத் திரும்பிப் பார்த்தார். கோகிலாவின் கண்கள் செருகியிருந்தன. அப்படியே அள்ளிக்கொண்டு எதிரே இருந்த காப்பிக்கடைக்கு ஓடினார். கடைக்காரச் சீனர் பனிக்கட்டியை உடைத்துக் கொட்ட, ருக்மணி மகளின் கழுத்திலும் கையிலும் தேய்த்தார். பொழுது சாயும்போதுதான் பெண் தெளிந்தாள்.

ருக்மணி அவரை ஒரு சொல் திட்டவில்லை. "இனிமே இவளை ஊரைவிட்டு வெளியே கொண்டு போக மாட்டேன்," என்று மட்டும் சொன்னார். கோகிலாவுக்கு ஆசிரியர் பயிற்சிக்கான நேர்முகத் தேர்வு அடுத்த மாதம் அதே சிரம்பானில் நடக்க இருந்தது. தாய் சொன்னதைக் கேட்டுக் கோகிலா சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்த முகம்தான் மருதமுத்துவைத் தூங்கவிடவில்லை.

மறுநாளிலிருந்து கேமரன் மலை அவர் வாயில் வரவில்லை. தலைமுறைகளாக மலாய் பேசும் கம்போங் செட்டிக் குடியிருப்பைச் சேர்ந்த, ஐஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நண்பர் சுப்பையாவைப் பிடித்தார். சுப்பையாவுக்குத் தமிழில் நாலு வார்த்தை, மீதியெல்லாம் மலாய். காரைச் சுற்றி வந்து தரையைத் தொட்டார், கதவிடுக்கைத் தொட்டார். "சினி பானாஸ், சினி பானாஸ்," என்றார். இங்கே சூடு, இங்கேயும் சூடு. கடைசியில் பின்பக்கம் குனிந்தவர் சிரித்துவிட்டார். வெளிக்காற்றை விடும் மூடி துருப்பிடித்துத் திறந்தே கிடந்தது. இத்தனை காலமும் அந்தச் சாதனம் மலாக்காவின் புழுக்கத்தையே இழுத்து இழுத்துக் குளிர வைத்துக்கொண்டிருந்தது.

மூடியை அடைத்தார்கள். தொழிற்சாலையில் கழித்துப் போட்ட தக்கைப் பலகையை வாங்கிவந்து தரைவிரிப்புக்கு அடியிலும் கூரைக்கு உள்ளேயும் பதித்தார்கள். கதவிடுக்குகளுக்கு சைக்கிள் டியூப். கூரைக்கு வெள்ளைச் சாயம். உள்ளே உறிஞ்சிய சூட்டை வெளியே தள்ளும் குழாய்ச்சட்டம் முன்பக்கம் இருந்தது. அதற்கென்று தனியாக ஒரு மின்விசிறி.

"சரியாயிருச்சுன்னு யாரு சொல்றது?" என்றார் ருக்மணி.

"நானே உக்காந்து பாக்குறேன்," என்றாள் கோகிலா.

"நீ இரு புள்ள. வெந்தா நான் வேகுறேன்," என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அஞ்சலை ஏறினார். உச்சிவெயில். மருதமுத்து கதவைச் சாத்தி இயந்திரத்தை ஓடவிட்டார். வெகுநேரமாகச் சத்தமே இல்லை. பயந்துபோய் ருக்மணி கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தார். பின்னிருக்கையில் கால் நீட்டி, வாய் திறந்து, அஞ்சலை குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

ருக்மணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பிலேயே சம்மதமும் வந்தது.

நேர்முகத் தேர்வு நாளன்று சிரம்பான் வரை எந்தத் தொல்லையும் இல்லை. அங்கே போனால் தகரக் கூரை போட்ட தாழ்வாரத்தில் கூட்டம் நெரிந்தது. முறை வரும்வரை கோகிலா காரிலேயே இருப்பது என்று முடிவாயிற்று. மரநிழல் எதுவும் மிச்சமில்லை. நின்ற காரில் இயந்திரம் ஓடியது. கோகிலாவைக் கூப்பிடவே இல்லை. சூடு காட்டும் முள் மெல்ல மேலே ஏறியது. அது சிவப்பைத் தொட்டால் இயந்திரத்தை நிறுத்தியாக வேண்டும். பின்னால் கோகிலா, கேட்கப்போகும் கேள்விகளுக்கு முணுமுணுவென்று பதில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருதமுத்து இறங்கினார். தோட்டக்காரரிடம் தகரவாளியைக் கேட்டு வாங்கி, குழாயடியிலிருந்து தண்ணீர் சுமந்து வந்து, முன்பக்கச் சட்டத்தின்மேல் ஊற்றினார். மறுபடி ஓடினார். மறுபடி ஊற்றினார்.

"என்னங்க, காடிக்குத் தலைக்கு ஊத்துறீங்களா?" என்று யாரோ கேட்கக் கூட்டம் சிரித்தது.

"ஆமாங்க, இன்னிக்கு அதுக்கு நல்ல நாளு."

முள் இறங்கியது. அவர் சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி தேறும். உள்ளிருந்து பெயர் கூப்பிட்டபோது கோகிலா கசங்காத சேலையோடு இறங்கி நடந்து போனாள்.

திரும்பி வரும்போது ருக்மணி தூங்கிவிட்டார். கார் ரெம்பாவ் தாண்டி, ரப்பர் தோட்டத்துக் கித்தா மரங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது.

"வெயிலைத் தாங்கி எப்படிப் பாடம் நடத்துவேன்னு கேட்டாங்க மாமா. பாடம் படிச்ச மாதிரியேதான், ஈரத்துண்டோடன்னு சொன்னேன். அடுத்த மாசம் வந்து சேரச் சொல்லிட்டாங்க."

"நல்லதும்மா," என்றார். கொஞ்ச தூரம் போனபின் பின்னாலிருந்து குரல் வந்தது.

"மாமா, குளிருது."

"என்னம்மா?"

"குளிருது மாமா. கொஞ்சம் குறைக்க முடியுமா?"

காரை வாங்கிய நாளிலிருந்து குளிர்சாதனக் குமிழை அவர் குளிரைக் கூட்டும் வலப்பக்கம் மட்டுமே திருப்பியிருந்தார். இப்போது சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டி, தடவிப் பிடித்து, இடப்பக்கமாக ஒரு கட்டம் திருப்பினார்.