கம்பம்மெட்டு ஏற்றத்தில் நாற்பத்தைந்து வயது

கார் லைசென்ஸ் கைக்கு வந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. நாற்பத்தைந்து வயதில் வாங்கியது என்பதால் எனக்குத் தலைகால் புரியவில்லை. நெடுங்கண்டத்தில் சொந்தக்காரர் வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள் என்றதும், மலைப்பாதையில் நான்தான் ஓட்டுவேன் என்று அடம்பிடித்துச் சாவியை வாங்கிவிட்டேன். என் வீட்டுக்காரர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார்.

பின்சீட்டில் கல்லூரியில் படிக்கும் மகள். செல்போனில் எதையோ பார்த்துவிட்டு, ஆயுசு முழுக்க ஒரே வயதில் நின்றுவிடலாம் என்றால் எந்த வயதில் நிற்பீர்கள் என்று கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை. இதே நாற்பத்தைந்து என்றேன். இருபதில் எனக்கு என்ன தெரியும்? முப்பதில் சோறு ஊட்டவும் துணி துவைக்கவும்தான் நேரம் இருந்தது. இப்போது பாருங்கள், மூன்றாவது வளைவு திரும்பியதும் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கக் கீழே கிடந்தது, திராட்சைப் பந்தலும் தென்னந்தோப்புமாக. அத்தனை உயரத்துக்கு வண்டியை ஏற்றிக்கொண்டு வந்தது நான்! வாயெல்லாம் பல்லாக இருந்தேன்.

அவர் கொஞ்சம் யோசித்து, "எனக்கு இருபத்திமூணு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. கல்யாணத்தின்போது அவருக்கு இருபத்தாறு. ஜாதகத்தில் பார்த்த வயது, எனக்கு மறக்குமா? அப்படியானால் என்னைப் பெண் பார்க்க வருவதற்கும் மூன்று வருஷம் முன்னால் போய் நின்றுகொள்ள ஆசைப்படுகிறார். நானும் வேண்டாம், பிள்ளையும் வேண்டாம். அந்தக் கடுப்பில் கியரை மாற்றாமலே அடுத்த வளைவில் ஏறினேன். வண்டி திணறி நின்றுவிட்டது. பின்னால் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஹாரன் அடித்தது.

ஏற்றத்தில் நின்ற வண்டியை எடுப்பதென்றால் எனக்கு உதறல்தான். ஆனால் அப்போது கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. கைபிரேக்கை இழுத்துப் போட்டுவிட்டு, அந்த வயதில் அப்படி எவள் இருந்தாள் என்று கேட்டே விட்டேன்.

அவர் விழித்தார். "நீதான். நம்ம கல்யாணம் நடந்த வருசம்ல அது. பள்ளிக்கூடத்துல மூணு வயசு கொறச்சுப் போட்டாகல்ல, அந்தக் கணக்குல சொன்னேன்."

தெரிந்த கதைதான், கோபத்தில் மறந்துபோனது. பெற்றோர் வருசநாட்டுத் தோட்டத்திலேயே கிடந்ததால் அவரைப் பள்ளியில் தாமதமாகத்தான் சேர்த்தார்கள். நாளைக்கு அரசாங்க வேலை கிடைத்தால் மூன்று வருஷம் கூடுதலாகப் பார்க்கட்டும் என்று வாத்தியார் வயதைக் குறைத்து எழுதிவிட்டார். வேலையும் கிடைத்தது. ஆபீஸ் தாள்களில் எழுதி எழுதி, இன்றைக்கும் யார் கேட்டாலும் அவர் வாயில் சர்டிபிகேட் வயதுதான் வரும். நான் பிடித்துக்கொண்டிருந்தது ஜாதக வயதை.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு ஒரு பக்கம் சொல்ல முடியாத சந்தோஷம், இன்னொரு பக்கம் வெட்கம். நாற்பத்தைந்து என்று சொன்னபோது நான் நினைத்தது ஸ்டீயரிங்கை. அவரை ஒரு நொடிகூட நினைக்கவில்லை.

அதற்காக என் வயதை விட்டுக்கொடுக்க முடியுமா? "நீங்க அங்கன நிக்க வேணாம். நாப்பத்தஞ்சுக்கு வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லி, வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்து, கிளட்சை மெல்ல விட்டுக் கைபிரேக்கை இறக்கினேன். வண்டி ஒரு சாண்கூடப் பின்னால் நகராமல் ஏறியது.

"சர்டிபிகேட்டுல எனக்கு இப்ப நாப்பத்தாறு. ஒரு வருசம்தான் பின்னால வரணும்" என்றார் அவர். "வந்துர்றேன்."