சர்ச் ஆர்மோனியமும் என் சாம்பல் கோடும்

சுருதி திருத்தும் சாஃப்ட்வேர் கைக்கு வந்த புதிதில் மூன்று மாதம் என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. செங்கல்பட்டில் மிக்ஸி ரிப்பேர் கடைக்கு மேல்மாடியில் ஒரு சின்ன ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருந்தேன். சுவரெல்லாம் முட்டை அட்டை, கதவுக்குப் பழைய கம்பளி, அதன் பக்கத்தில் ரயில் நேரங்கள் எழுதிய தாள். ஜங்ஷனில் வண்டி ஊதினால் மைக்கில் விழும் என்பதால் இரண்டு ரயில்களுக்கு நடுவில்தான் எங்கள் சங்கீதம். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப்போட்டேன். அதில்தான் சென்னை நண்பன் ஒருவன் இந்தச் சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான்.

பாடுகிற குரல் திரையில் பச்சைக் கோடாக நெளிந்து போகும். அது நிற்க வேண்டிய இடங்களில் சாம்பல் நிறத்தில் நேர்க்கோடுகள் இருக்கும். பச்சை எங்கே விலகினாலும் ஒரு தட்டுத் தட்டினால் போதும், இழுத்து வந்து சாம்பலில் உட்கார வைத்துவிடும். அகப்பட்ட குரலையெல்லாம் திருத்தினேன். ஜவுளிக்கடை விளம்பரம், பள்ளி ஆண்டுவிழாப் பாட்டு, கடைசியில் மிக்ஸிக்கடைக்காரரின் தும்மல். தும்மல் நல்ல சுத்தமான பஞ்சமத்தில் வந்தது. அவர் அதைத் தன் மனைவிக்குப் போட்டுக்காட்ட வேண்டும் என்று சிடியில் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அந்த வெறியில் இருந்தபோதுதான் திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து சர்ச் பாடகர் குழு வந்தது. சர்ச்சின் அறுவடைத் திருநாளான அறுப்பின் பண்டிகைக்குச் சிடி வெளியிட வேண்டும், அவர்களுடைய முதல் சிடி. பதினோரு பெண்கள், கூட அந்தச் சர்ச்சில் போதிக்கும் உபதேசியார். பாட்டெல்லாம் அவர் எழுதியது, சர்ச்சில் ஆர்மோனியம் வாசிப்பவரும் அவர்தான். குழுவை நடத்திய அக்கா சிறுசேரியில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை பார்த்தார். பல வருடமாக மற்றவர்களுக்கு அடியெடுத்துக் கொடுத்தே பழகியவர். கடைசிப் பாட்டில் ஒரு சரணம் மட்டும் அவர் தனியாகப் பாடுவதாக இருந்தது. அப்படித் தனியாகப் பாடப்போவது அதுதான் முதல் தடவை. புதுப் புடவை கட்டி வந்திருந்தார்.

ஆர்மோனியத்தைக் கொண்டுவர வேண்டாமென்று நான் முன்பே சொல்லியிருந்தேன். அந்தப் பழைய பெட்டி எதற்கு, பின்னால் கீபோர்டு சேர்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம்.

“சுதி குடு சார்” என்றார் அக்கா, மைக் முன்னால் நின்று.

“தேவையில்லக்கா. நீங்க எப்படிப் பாடினாலும் கம்ப்யூட்டர் சரி பண்ணிடும்.”

சுருதி இல்லாமல் பாடச் சொன்ன முதல் ரெக்கார்டிங்காரன் உலகத்திலேயே நானாகத்தான் இருப்பேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்றார். பிறகு எடுத்துக் கொடுத்தார். ஐந்து பாட்டு முடிந்தது. தனிச் சரணத்துக்கு முன்னால் ஒரு ரயில் வந்துவிட்டது. அது போகும்வரை சும்மா இருந்திருக்கலாம். நான் என் பொம்மையைக் காட்ட எல்லோரையும் கூப்பிட்டேன்.

“இதான்க்கா உங்க குரல். எல்லா எடத்துலயும் கோட்டுக்குக் கீழேயே போகுது பாருங்க. கவலைப்படாதீங்க, தூக்கி விட்டுடலாம்.”

தட்டினேன். அத்தனையும் மேலே ஏறி உட்கார்ந்தது. அக்கா திரையையே பார்த்தார்.

“அப்போ இத்தினி வருசமா இதுங்களுக்கெல்லாம் தப்பாத்தான் எட்த்து குட்த்துகினு இருந்தேனா?”

உபதேசியார் தொண்டையைச் செருமினார். “என் சரணத்த வேற யாருக்கன்னா குடுத்துடு சார். எனுக்கு வேணா” என்று சொல்லிவிட்டு அக்கா செருப்பைத் தேடப் போனார். அவர் பின்னாலேயே மற்றவர்களும் இறங்கிப் போய்விட்டார்கள். சரணம் பதிவாகவில்லை. பண்டிகைக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

மறுநாள் காலை திருத்தாத பதிவைத் திறந்து உட்கார்ந்தேன். சுருதி சேராத குரல் ஒரு இடத்தில் நிற்காது, மேலே போகும், கீழே போகும், பாதியில் காணாமல் போகும். இந்தக் கோடு அப்படியில்லை. கீபோர்டில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு, அவ்வளவே கீழே. முதல் பாட்டிலும் அவ்வளவுதான், ஐந்தாவது பாட்டிலும் அவ்வளவுதான். அப்படியானால் அவர் ஏதோ ஒரு சுருதியைப் பிடித்துக்கொண்டுதான் பாடியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை, கிடார்காரர்கள் சுருதி பார்க்க வைத்திருக்கும் சின்ன ட்யூனர் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பைக்கில் அந்த ஊருக்குப் போனேன். ஆராதனை முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். உபதேசியாரிடம் ஆர்மோனியத்தில் ஒரே ஒரு கட்டையை அழுத்தச் சொன்னேன். ட்யூனரின் முள் நடுவுக்கு வராமல் இடது பக்கம் சாய்ந்து நின்றது. மூன்றில் ஒரு பங்கு. அந்தப் பெட்டி அவர் வருவதற்கு முன்பிருந்தே அப்படித்தானாம். ஊரே அதைக் கேட்டு, அதோடு பாடி வளர்ந்திருக்கிறது.

அக்கா வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். “இன்னா சார், திருப்பியும் கோடு போட வந்தியா?”

“ஒரே ஒரு வரி பாடுங்கக்கா. ஆர்மோனியம் வேணாம்.”

பாடமாட்டேன் என்றார். மற்ற பெண்கள் பிடித்துத் தள்ளினார்கள். பாடினார். முள் இடது பக்கம் சாய்ந்து, ஆர்மோனியத்துக்கு நின்ற அதே இடத்தில் நின்றது. உள்ளே பெட்டி மூடிக்கிடக்க, அதன் சுருதியை மயிரிழை பிசகாமல் இந்த அம்மாள் மனசிலேயே வைத்துக்கொண்டு நடமாடுகிறார். ஸ்டுடியோவில் கண்ணை மூடி நின்றதும் அதற்காகத்தான். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. எல்லோர் முன்னாலும் சொன்னேன்: “தப்பு என்னோடதுக்கா. உங்க சுருதி சரி.”

அப்புறம் அந்த முள்ளுக்கு முன்னால் வரிசை கட்டிவிட்டார்கள். ஆளாளுக்குப் பாடிப் பார்த்தார்கள். உபதேசியார் பாடியபோது முள் இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டே இருந்தது. “அவுரு போதிக்கிறதோட நிறுத்திக்கட்டும்” என்று யாரோ சொல்ல, அவரே முதலில் சிரித்தார்.

சாஃப்ட்வேரில் ஒரு மூலையில் சின்னக் கட்டம் உண்டு. அடிப்படைச் சுருதி எது என்று அதில் நாம்தான் சொல்ல வேண்டும். அதுவரை நான் அதைத் தொட்டதேயில்லை. ஆர்மோனியத்தின் அளவை அதில் போட்டதும் சாம்பல் கோடுகள் அத்தனையும் இறங்கி வந்து அக்காவின் பச்சைக் கோட்டோடு பொருந்தி நின்றன. கீபோர்டையும் அதே அளவுக்கு இறக்கினேன்.

அடுத்த சனிக்கிழமை மொத்தக் குழுவும் வேனில் வந்தது. நடுவில் ஒரு நாள் சர்ச்சுக்குப் போய்ப் பதிவு செய்து வைத்திருந்த ஆர்மோனியச் சுருதியை அக்காவின் ஹெட்ஃபோனில் போட்டேன். அவர் தலையாட்டிவிட்டு தன் சரணத்தின் நாலு வரியையும் பாடி முடித்தார்.

“சூப்பர்க்கா. கோடு அசையவே இல்ல, வந்து பாருங்க.”

“அத்த வுடு சார். பாட்டு எப்பிடி கீது?”

நாலு வரியும் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், பாட்டைக் கேட்கவேயில்லை. மானிட்டரை அணைத்தேன்.

“இன்னொரு தபா பாடுங்கக்கா. கேக்கறேன்.”

கண்ணை மூடிப் பாடினார். மூன்றாவது வரியில், கதவுப் பக்கத்து ரயில் தாளில் எழுதாத ஏதோ ஒரு கூட்ஸ் வண்டி நீளமாக ஊதிக்கொண்டு வந்தது. அவர் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை. அந்தச் சிடியில் இன்றைக்கும் அது ஊதுகிறது.